‘டிஷ்யூம்’னு சுட்டா போண்டா செத்து விழணும்: எப்படிப் பழக்குறது?

நங்கநல்லூர் லதா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு நாய் பேரு போண்டா. நாட்டு நாய், ஆண். பழவந்தாங்கல் ஸ்டேஷன் வாசல்ல குட்டியா நடுங்கிட்டு இருந்தவனை என் பையன் ஸ்கூல் பையில போட்டுத் தூக்கிட்டு வந்தான். இப்ப ரெண்டு வயசு. தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், கார்ப்பரேஷன் லைசென்ஸ் எல்லாம் ஆச்சு. யாராவது முதல்ல அதைத்தான் கேப்பீங்க, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

பையனுக்கு ஒரே பிடிவாதம். விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி ‘டிஷ்யூம்’னா போண்டா பொத்துனு சாஞ்சு விழணுமாம். லீவுக்கு மதுரையிலிருந்து என் கொழுந்தன் பசங்க வர்றாங்க, அவங்க முன்னாடி காட்டணுமாம். வீடியோவுல பாத்தா எல்லா நாயும் சட்டுனு விழுது. எங்க வீட்டுல ‘டிஷ்யூம்’னு சொன்னதும் இவன் எழுந்து குரைக்கிறான், பையனும் கூடச் சேர்ந்து குதிக்கிறான். அப்புறம் சோபா மேல ரெண்டும் உருளுது.

உட்காரு தெரியும். ஷேக் ஹேண்ட் தெரியும். ‘படு’ன்னா மனசு இருந்தா படுப்பான். ஆனா கோயில் வாசல் சிங்கம் மாதிரி நிமிர்ந்து படுப்பானே தவிர, பக்கவாட்டுல சாயவே மாட்டான். ராத்திரி தூங்கும்போது மட்டும் நாலு காலையும் நீட்டிக்கிட்டு மல்லாந்து கிடப்பான், அதுக்குக் குறைச்சல் இல்ல.

இன்னும் ரெண்டு சிக்கல். வீட்டுல சுத்த சைவம். மாமியார் முட்டையைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. மாரி பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து அவனுக்கே அலுத்துப்போச்சு. அடுத்து, ஆளுக்கு ஒரு பாஷை. நான் ‘படு’ங்கறேன், அவர் ‘டவுன்’ங்கறார், பையன் ‘லை டவுன்டா’ங்கறான், மாமியார் ‘கிட கழுதை’ங்கறாங்க. இதுல அவன் உடனே கேக்கறது மாமியார் சொல்றதை மட்டும்தான்!

வழி சொல்லுங்களேன்.

வேளச்சேரி டைகர்:

சிம்பிள் மேட்டர் சிஸ்டர். படுக்க வச்சு, முன்னங்கால் ரெண்டையும் ஒரே பக்கமா இழுத்துக் கவுத்துப் போடுங்க. எழுந்திருக்காம கழுத்துல கை வச்சு அமுக்கிக்கோங்க. நாலு தடவை செஞ்சா தானா விழும். நாய்க்கு நாமதான் பாஸ்னு தெரியணும்.

ராயபுரம் பெரியப்பா:

லதாம்மா, டைகர் தம்பி சொன்னதை வுட்டுடு. நாயைப் புடிச்சுக் கவுத்தா அது இன்னா பண்ணும்? நாலு காலையும் ஊனிக்கினு விறைக்கும். நீ எந்தப் பக்கம் தள்றியோ அதுக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் குடுக்கும். கழுத்தை வேற அமுக்குனா கடிக்கத்தான் செய்யும், அப்பால நாய் மேல பழி. தெருவுல பொறந்து வந்த நாய்க்கு விலாவைக் காட்டிப் படுக்கறதுன்னா சும்மா இல்ல, நம்பிக்கை இருந்தாத்தான் காட்டும். சாயறது அதோட வேலை. சாஞ்சதும் கூலி குடுக்கறது நம்ம வேலை. அவ்ளோதான் மொத்த வித்தையும்.

நான் ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். எங்க வூட்டு மாடில ரெண்டு பேரு இருக்காங்க. சுருளின்னு ஒரு நாட்டு நாய், ராணின்னு ஒரு சிப்பிப்பாறை. ரெண்டும் சுட்டா வுழும். சுருளி சினிமா ஸ்டன்ட் ஆளு, தொபுக்கடீர்னு வுழுவான். ராணி ஒவ்வொரு காலா மடக்கி, சுத்திமுத்தி பாத்துட்டு, நிதானமா சாயும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்டைலு, அதை மாத்தப் பாக்காத.

மொத வேலை, டிஷ்யூமை மூட்டை கட்டு. உன் பையன் இத்தினி நாளா டிஷ்யூம்னு கத்திக்கினு குதிச்சான், நாயும் கூடக் குதிச்சுது. போண்டா கணக்குல டிஷ்யூம்னா ‘வா, ஆட்டம் போடலாம்’. அது தப்புப் பண்ணல, சோக்கா கத்துக்கினு கீது. கத்துக்கினதை அழிக்கறது பேஜாரு, புதுச் சத்தம் வக்கிறது சுளுவு. டுமீல்னு வச்சுக்கோ. துப்பாக்கிக்கு டுமீல்தான, டிஷ்யூம் கைச்சண்டைக்குத்தான! ஆனா டுமீலையும் இப்பவே வாயில எடுக்காத. மொத ஒரு வாரம் வாயே தொறக்க வேணாம். கை மட்டும் பேசட்டும்.

எடம் சொல்றேன். நங்கநல்லூர் வூடுன்னா மொசைக்கோ டைல்ஸோ, வழுக்கும். வழுக்கற தரையில எந்த நாயும் தைரியமா சாயாது. ஒல்லி நாயா இருந்தா எலும்பு வேற குத்தும். பழைய ஜமக்காளத்தை நாலா மடிச்சுப் போடு. நேரம், சோறு வக்கிறதுக்குச் சித்த முன்னாடி. வயிறு முட்டத் தின்னுட்டு உருளக் கூடாது. டிவியை அமத்திடு. ஒரு வாட்டிக்கு ரெண்டு மூணு நிமிஷம் போதும். அது ‘இன்னும் கொஞ்சம்’னு பாக்கும்போதே நிறுத்திடணும், சலிச்சுப் போற வரைக்கும் இழுக்கக் கூடாது.

இப்ப கை வேலை, இதை நல்லாப் பாத்துக்கோ. போண்டாவைப் படுக்க வை. சிங்கம் மாதிரிதான் படுக்குதுன்ன. பரவால்ல, அப்பிடியே கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துனு இரு. ஒரு கட்டத்துல இடுப்பைத் தளர்த்தி பின்னங்கால் ரெண்டையும் ஒரே பக்கமா நீட்டும். எந்தப் பக்கம் நீட்டுதுன்னு கவனி, அதான் அதுக்கு வசதியான பக்கம். தீனியைக் கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவுல புடிச்சு, மூக்குக்கு ஒட்டினாப்புல வை. வச்சு, கால் நீட்டியிருக்கற பக்கத்துக் கன்னத்தை ஒட்டி, பின்னால தோள்பட்டை வரைக்கும் மெதுவா இழுத்துக்கினு போ. மூக்கு கை பின்னாலயே வரும். கழுத்து திரும்பும். ஒரு எடத்துக்கு மேல கழுத்துக்கு வழி இல்லாம எதிர்ப்பக்க முழங்கை மடிஞ்சு, உடம்பு தொம்னு சாயும். சாஞ்சதும் கையைத் தரைக்குக் கொண்டாந்து, தலை கீழ படற மாதிரி அங்கயே குடு.

தலை தரையில இருக்கும்போதுதான் வாயில போவணும், இது முக்கியம். அது தலையைத் தூக்கினதுக்கு அப்பால குடுத்தின்னா, தலை தூக்கினதுக்குத்தான் கூலின்னு எடுத்துக்கும். அப்பால உன் நாய் செத்து செத்து எழுந்துக்கும்.

மொத நாளே முழுசா சாயலன்னா ஒண்ணும் குடி முழுவிடாது. கழுத்தைத் திருப்புச்சா, குடு. முழங்கை மடிஞ்சுதா, குடு. நாளைக்கு கழுத்துக்குக் குடுக்காத, முழங்கைக்கு மட்டும் குடு. இப்பிடியே ஏத்திக்கினு போ.

சைவத் தீனி பத்திச் சொல்லணும்னா, உப்பில்லாத பனீரைக் கொண்டக்கடலையில பாதி சைஸுக்கு நறுக்கிக்கோ. வேகவச்ச சக்கரவள்ளிக் கெழங்கு, கேரட்டு, வெதை எடுத்த ஆப்பிள் எல்லாம் ஓடும். தினப்படி வேலைக்குக் கேரட்டு, புதுப் பாடத்துக்குப் பனீரு. பெருசா குடுத்தா மென்னு முழுங்கறதுக்குள்ள இன்னா பண்ணோம்னு மறந்துடும்.

உன் மாமியார் பேச்சை ஏன் கேக்குதுன்னு யோசிச்சியா? தயிர்சோறு போடற கை அதுதான!

அடையாறு ப்ரியா:

பெரியப்பா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், நான் உளவியல் படிக்கிறேன். சாஞ்ச கணத்துக்கும் பனீர் வாய்க்குப் போற நேரத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியை ஒரு சின்னச் சத்தத்தால அடைச்சிடலாம். பால்பாயின்ட் பேனாவை ‘டிக்’னு அழுத்துங்க, இல்ல ‘யெஸ்’னு ஒரே மாதிரி சொல்லுங்க. முதல்ல எந்த வேலையும் வாங்காம, டிக், உடனே பனீர். டிக், உடனே பனீர். டிக் கேட்டதும் உங்க கையைத் திரும்பிப் பாத்தான்னா புரிஞ்சிருச்சு. அப்புறம் தோள்பட்டை தரையில பட்ட அந்த நொடியில டிக். எதுக்காகப் பனீர்னு அவனுக்குச் சந்தேகமே இருக்காது.

இந்த முறையோட வேர், நடத்தையியல்ல பெரிய பேரான பி.எஃப். ஸ்கின்னர் கிட்ட இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அவர் புறாக்களுக்குக் கொத்தப் பழக்கி, குண்டை இலக்குக்குத் திருப்ப வைக்கப் பாத்தார். ராணுவம் கடைசிவரை அதைப் போர்ல பயன்படுத்தல. ஆனா அவர்கிட்ட வேலை பாத்த கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதி அதே உத்தியை எடுத்துக்கிட்டுப் போய் கோழி, பன்றி, நாய்னு வகைவகையா பழக்கிப் பிழைப்பாவே நடத்தினாங்க. மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பாவ்லோவுக்கு 1904-ல நோபல் பரிசு கிடைச்சது செரிமான ஆராய்ச்சிக்குத்தான், இது சும்மா ஒரு உபரித் தகவல்.

@வேளச்சேரி டைகர்: அமுக்கினா நாய் அசையாம கிடக்கறது உண்மைதான். அது பயத்துல உறைஞ்சு கிடக்கறது. அதை வித்தைன்னு சொல்ல முடியாது.

நங்கநல்லூர் லதா:

பெரியப்பா, சாஞ்சுட்டான்! நீங்க சொன்ன மாதிரியே பின்னங்காலை இடது பக்கம் நீட்டினான், இடது தோள்பட்டைக்குப் பனீரைக் கொண்டுபோனேன், வலது பக்கமா தொம்முனு விழுந்தான். விழுந்துட்டு அவனுக்கே ஒரு திகைப்பு. பேனா டிக் கூட நல்லா வேலை செய்யுது. என்ன, பையன் ஹோம்வொர்க் எழுதும்போது பேனாவை அழுத்தினா சமையலறையிலிருந்து ஓடி வர்றான்.

புதுச் சிக்கல் வந்திருக்கு. கையில பனீர் இருந்தா விழறான். வெறும் கைன்னா முகர்ந்து பாத்துட்டு ‘இருக்கா இல்லையா’ன்னு என்னை மேலயும் கீழயும் பாக்கறான், அசைய மாட்டேங்கறான். விழுந்தாலும் கண் இமைக்கறதுக்குள்ள எழுந்துடறான். டுமீலை எப்பச் சேக்கறது? பையன் தீபாவளிக்கு வாங்கின ரோல் கேப் துப்பாக்கியை எடுத்து வச்சுக்கிட்டு நிக்கறான், அதை வச்சு நிஜமாவே சுடலாமான்னு கேக்கறான்.

வேப்பேரி டாக்டர்:

நான் கால்நடை மருத்துவர். கேப் துப்பாக்கி கண்டிப்பாக வேண்டாம். மனிதரைவிட நாய்க்குக் காது மிகக் கூர்மை. தீபாவளி வாரத்தில் பயந்து ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் எத்தனை என்று எங்களைக் கேளுங்கள். பக்கத்தில் கேப் வெடித்தால் வித்தையும் போகும், ஜமக்காளத்தைப் பார்த்தாலே ஒளிந்துகொள்ளும். விரல் துப்பாக்கி போதும்.

தீனி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சைவ வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது பாயசத்திலோ கேசரியிலோ இருக்கும் உலர் திராட்சை. திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே ஒன்றுகூட வேண்டாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லா சூயிங்கம் ஆகியவையும் கூடாது. சாம்பார் சாதம் மிஞ்சிவிட்டது என்று போடுகிறவர்கள் வெங்காயத்தை நினைவில் வையுங்கள். பரிசுத் தீனி எல்லாம் சேர்த்து ஒரு நாள் உணவின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பனீரில் கொழுப்பு உண்டு, அதனால் பழக்கும் நாளில் தயிர்சாதத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொன்று. நன்றாக விழுந்துகொண்டிருந்த நாய் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் சாய மறுத்தால் அடம் என்று நினைக்காதீர்கள். காதில் சீழ் இருக்கலாம், இடுப்பிலோ முழங்கையிலோ வலி இருக்கலாம். பழக்குவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ராயபுரம் பெரியப்பா:

டாக்டர் சார் சொன்னது கரெக்ட்டு. லதாம்மா, உன் நாயி உஷாரு. அது கைல இருக்கற பனீரைத்தான் பாடம்னு நெனைச்சுக்கினு கீது. தீனியைக் கைல வச்சு ரொம்ப நாள் ஓட்டினா இப்பிடித்தான் டபாய்க்கும். மூணு நாலு வாட்டி பனீரோட சாய வை. அடுத்த வாட்டி அதே கை, அதே விரல் புடி, அதே வேகம், உள்ள மட்டும் ஒண்ணும் இல்ல. சாஞ்சதும் டிக். டிக் அடிச்ச அப்பால இன்னொரு கையால முதுகுக்குப் பின்னாலயோ இடுப்புப் பையிலயோ இருந்து எடுத்துக் குடு. கூலி மேசை மேல இல்லன்னாலும் வேலை செஞ்சா வரும்னு அதுக்கு நம்பிக்கை வரணும். பனீர் வாசனை விரல்ல இருக்கும்ல, மொத வாட்டி அதுவே ஏமாத்திடும்.

உடனே எழுந்துக்குதுன்னா, சாஞ்சதும் ஒண்ணே ஒண்ணு குடுத்து நிறுத்தற, அதான். துண்டு துண்டா வை. தலை தரையில இருக்க, மூக்குக்கிட்ட தரையிலயே ஒண்ணு, சித்த பொறுத்து இன்னொண்ணு, இன்னும் சித்த பொறுத்து இன்னொண்ணு. எடையில இருக்கற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டு. கடைசில ‘எந்திரி’ன்னு நீதான் சொல்லணும், சொன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அது சொல்லாம எழுந்துட்டா திட்டாத, மூஞ்சியைக் கூட சுளிக்காத. கூலி இல்ல, அவ்ளோதான். மறுபடி மொதல்லேர்ந்து, கம்மி நேரத்துக்கு.

இப்ப டுமீலு. வெறும் கைக்குப் பத்துக்கு எட்டு வாட்டி வுழுதுன்னா அப்பத்தான் வார்த்தை. நெறைய பேரு இங்கதான் கோட்டை வுடறாங்க. டுமீல்னு சொல்லிக்கினே கையையும் ஆட்டுவாங்க. நாயி கையைத்தான் பாக்கும், வார்த்தை காத்துல போயிடும். நீ மொதல்ல ‘டுமீல்’. கை அசையக் கூடாது. ஒரு மூச்சு வுடற நேரம். அப்பால கை. டுமீல், சும்மா, கை. டுமீல், சும்மா, கை. கொஞ்ச நாள்ல கை வர்றதுக்கு முன்னாலயே அதுக்கு வெளங்கிடும், ‘இவ அடுத்து இதைத்தான் பண்ணப்போறா’ன்னு தானே சாயும். அந்த ஒரு வாட்டிக்கு மட்டும் கைநெறைய குடு, கொஞ்சு, வூடே ரெண்டாவட்டும். விரல் துப்பாக்கியும் இதே கணக்குத்தான். கையை மூக்குக்கிட்டேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மேலத் தூக்கிக்கினே வந்து, ரெண்டு விரலை நீட்டிக்கலாம்.

வூட்டுல எல்லாரும் டுமீல் ஒண்ணுதான் சொல்லணும். உன் வூட்டுக்காரரு ‘ஷூட்’ அது இதுன்னு ஆரம்பிச்சா அவரை மொட்டை மாடிக்கு அனுப்பு.

நின்னுக்கினு இருக்கும்போதே வுழறது கடைசிப் பாடம். மொத படுத்த நெலையில, அப்பால உக்காந்த நெலையில, அப்பாலதான் நின்ன நெலை. அதே மாதிரி ஹால்ல கத்துக்கினது மாடில மறந்துபூடும், மாடில தெரிஞ்சது தெருவுல தெரியாது. எடம் மாறுனா திரும்பக் கையைக் காட்டி ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஆரம்பி, சீக்கிரமே ஏறிடும். மதுரைப் பசங்க வந்து எறங்கின ஒடனே சுடச் சொல்லாத. புது ஆளுங்க, கூச்சல், பை, பொட்டி, அது நடுவுல எந்த நாயும் விலாவைக் காட்டாது. ஒரு நாள் போவட்டும், அதுங்களையே பனீர் குடுக்க வை.

வால் ஆட்டும். செத்த பொணம் வால் ஆட்டுதேன்னு உன் பையன் கேப்பான். அதை நிறுத்தப் பாக்காத, சிரிப்பே அதுலதான் கீது.

நங்கநல்லூர் லதா:

ஹால்ல டுமீலுக்கு விழறான், கையே வேண்டாம். அப்பா கூட ‘ஷூட்’ங்கறதை விட்டுட்டார்னு பையன் எழுதச் சொல்றான். வாலைப் பத்திச் சொன்னீங்களே, விழுந்தப்புறம் வால் ஜமக்காளத்துல டப்டப்னு அடிக்கற சத்தம் அடுத்த ரூம் வரைக்கும் கேக்குது. உக்காந்த நிலையிலிருந்து இன்னும் வரல, முதல்ல படுத்துட்டு அப்புறம்தான் சாயறான். மாமியார் ‘பாவம், அதைப் போய்ச் சுடறீங்களே’ன்னு முதல் நாள் சண்டை போட்டாங்க. இப்ப தயிர்சாதத் தட்டோட வந்து அவங்களே ‘டுமீல்’ங்கறாங்க, நாங்க பாக்காதப்ப.

@டாக்டர் சார்: கேசரியில திராட்சை போடறதை நிறுத்தியாச்சு, முந்திரி மட்டும்தான். அதுவும் அவனுக்கு இல்ல.

மடிப்பாக்கம் குமார்:

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். எங்ககிட்ட பதினோரு வயசு லேப்ரடார் இருக்கு, பேரு பிரவுனி. வயசான நாய்க்கு இதெல்லாம் ஏறுமா, இல்ல தொந்தரவா?

வேப்பேரி டாக்டர்:

ஏறும், தாராளமாகப் பழக்குங்கள். மூளைக்கு வேலை கொடுப்பது வயதான நாய்க்கு நல்லது. ஆனால் லேப்ரடாருக்கு இடுப்பு, முழங்கை மூட்டுத் தொல்லை அதிகம். முதலில் ஒரு முறை மூட்டைப் பரிசோதித்துவிடுங்கள். நின்ற நிலையிலிருந்து விழச் சொல்லவே வேண்டாம், படுத்த நிலையிலிருந்து சாய்ந்தால் போதும். ஜமக்காளம் போதாது, பருத்தி மெத்தை போடுங்கள். எழுந்திருக்கத் தடுமாறினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். லேப்ரடாருக்குப் பசி அடங்காது, எடை ஏறினால் மூட்டுக்குத்தான் சுமை. எனவே பனீர் வேண்டாம், கேரட் போதும். காது சரியாகக் கேட்கவில்லை என்றால் டுமீலை விட்டுவிட்டு விரல் துப்பாக்கியை மட்டும் பழக்குங்கள். பேனா டிக்குக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம்.